அரைக்கால் இஞ்சு

அவரிடம் எதையும் ஒரே தரம் சொல்லி முடித்துவிட முடியாது. "மணி நாலு" என்றால், "நாலா?" என்று கேட்டுவிட்டு நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். நாம் "ஆமா" என்று சொல்லும் வரை அவருக்கு மணி நாலு ஆகாது. எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டீக்கடையில், சர்க்கரை கம்மியாக ஒன்று என்று கேட்பார். கடைக்காரர் தலையாட்டினால் போதாது, அதையே வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருநாள் கடைக்காரர் பொறுமை இழந்து, "யோவ், டீ குடிக்க வந்தியா, கோர்ட்டுல சாட்சி சொல்ல வந்தியா?" என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சக்கரை கம்மிதானே?" என்றார்.

சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லைனில் அவருக்கு ரெண்டுவாட்டி என்று பெயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் லைனில் ஒருவருக்கும் யார் என்று புரியாது.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்தது மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் பேசுவதுபோலவே கேட்கும்.

"கொழம்புக்கு உப்பு போட்டியா?"

"போட்டன்."

"போட்டியா?"

"போட்டன், போட்டன், போட்டன். மூணு வாட்டி சொல்லிட்டன். மிச்சத்த நாளைக்கு வெச்சிக்கோ."

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா அப்படித்தான் பேசுவாள். ஆனால் அவர் ஷிஃப்ட் முடிந்து வர கால் மணி நேரம் தாமதமானாலும் வாசலில் நிற்பாள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று லைனில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வெடிச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது என்பார் ஒருவர். சுரங்கத்தின் மணி வழக்கம் தலைக்குள் ஏறிவிட்டது என்பார் என் அப்பா. ஷாஃப்ட் என்ற ஆழக் குழிக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜ் நகர வேண்டுமானால் கீழே இருந்து மணி வரும். மேலே இருப்பவர் அதே மணியைத் திருப்பி அடிப்பார். திருப்பி அடித்த பிறகுதான் கேஜ் நகரும். இதை எல்லா ஆண்களும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மேலே வந்ததும் மறந்துவிடுவார்கள். அவர் ஒருவர்தான் மறக்கவில்லை.

நானே ஒருநாள் கேட்டேன். "ஏன் மாமா எல்லாத்தையும் திருப்பித் திருப்பிக் கேக்கறீங்க?"

"காதுல விழறதுல பாதி நம்ம நெனப்புதான் பாப்பா" என்றார். "மீதி பாதிதான் அவங்க சொன்னது. எது எதுன்னு தெரிய வேணாமா?"

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அப்போது நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. பன்னிரண்டு வயதிலிருந்தே லைனில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆபீஸ் நோட்டீஸ் எல்லாம் நான்தான் படிப்பேன். நான் படித்துச் சொன்னால் கைகூப்பாத குறையாக வாங்கிக்கொண்டு போவார்கள். இவர் ஒருவர் மட்டும், "இன்னொரு வாட்டி அந்த எழுத்தப் பாத்துச் சொல்லு" என்பார். படிக்கத் தெரிந்தவளிடம் படிக்கத் தெரியாதவர் சரிபார்ப்பதா என்று எனக்கு எரியும்.

அவருடைய நுரையீரல் சோதனைக் கடிதம் வந்தபோதும் அப்படித்தான். அவர் ஷாஃப்டில் கேஜ் ஓடும் வழிக்கட்டைகளை நேர் பார்க்கும் ஃபிட்டராக இருந்தார். மேலே இருந்து கம்பியில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, கட்டை கம்பிக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து அளந்து போகும் வேலை. மார்பில் கல்தூசி படிந்துவிட்டது, இனி கீழே இறங்கக் கூடாது, மேலே லேசான வேலை மட்டும்தான் என்று கடிதம் சொன்னது. நான் படித்தேன். அவர் திருப்பிச் சொன்னார். நான் ஆமா என்றேன். "பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். அன்றைக்கு உண்மையாகவே பார்த்திருந்தேன்.

மேலே லேசான வேலை என்று ஒன்று அவருக்குக் கிடைத்தது மைன்ஸ் மோட்டார் ஷெட்டில்தான். அதுவும் போனால், உடம்பு தகுதியில்லை என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுவார்கள். வேலை போன மாதமே லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஷெட்டுக்குப் பொறுப்பாகப் பெங்களூரிலிருந்து ஒரு இளம் என்ஜினியர் வந்தார். அவரிடம் இரண்டே பேர் உட்காரும் பச்சைக் கார் இருந்தது. சீமையில் செய்தது. உள்ளே உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் விரல் ரோட்டில் உரசும்போல இருக்கும். அது போதாதென்று, பெங்களூரில் ஸ்பிரிங்கை மாற்றி இன்னும் இரண்டு அங்குலம் தாழ்த்திக்கொண்டு வந்தார். மெட்ராஸ் பக்கம் பழைய விமானத் தளத்தில் நடக்கும் பந்தயத்துக்குப் போகவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் தாழ்த்தியதிலிருந்து வண்டி அவர் பேச்சைக் கேட்கவில்லை. நாற்பது மைல் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது.

மாமா முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவிப் பார்த்தாராம். உள்பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. "காலு அகட்டி நடக்குது சார்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பாதங்களையும் வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டினாராம். ஷெட்டே சிரித்தது என்று அந்தப் பக்கம் போயிருந்த அப்பா வந்து சொன்னார். வண்டி உயரமாக இருந்தபோது நேராக நின்ற சக்கரங்கள், தாழ்ந்ததும் முன்பக்கம் அகன்றுவிட்டன. அதைத்தான் அவர் நடந்து காட்டினார்.

என்ஜினியர் சிரிக்கவில்லை. தபாலில் வரவழைத்திருந்த ஒரு ஆங்கிலப் புத்தகத்தை மாமா கையில் கொடுத்து, சனிக்கிழமைக்குள் இதன்படி சரிசெய்து வை என்று சொல்லிவிட்டுப் பெங்களூர் போய்விட்டார். ஷெட்டில் இங்கிலீஷ் கூட்டிப் படிக்கும் ஹெட் மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஆனால் திருப்பிக் கேட்டால் அவர் திட்டுவார். அதனால் புத்தகம் என்னிடம் வந்தது.

சனிக்கிழமை காலை அப்பாவோடு ஷெட்டுக்குப் போனேன். வேலை பாதி நடந்திருந்தது. தரை மட்டமாக இல்லையென்று ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்து, மாமா தாழ்ந்த பக்கத்து டயர்களுக்கு அடியில் தகரம் வைத்திருந்தார். முன் சக்கரங்கள் தடையில்லாமல் திரும்ப, தகரங்களுக்கு நடுவில் கிரீஸ் தடவியிருந்தார். அளவு எடுக்க, காரின் இரு பக்கத்திலும் சக்கர உயரத்துக்கு நூல் இழுத்துக் கட்டியிருந்தார். ஓட்டுநர் சீட்டில் மணல் மூட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இது யாரு மாமா?"

"என்ஜினியரு" என்றார். "ஆளு உக்காந்தாதான் வண்டி அதோட நெசமான உயரத்துல நிக்கும். காலி வண்டிய அளந்தா காலி வண்டிதான் நேரா போவும்."

நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தேன். தாழ்த்திய வண்டிகளுக்கென்று ஒரு பட்டியல் இருந்தது. பொடி எழுத்து, நெருக்கமான வரிகள். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு மாதிரி வண்டிக்கு. அதற்குள் ஷெட்டில் ஏழெட்டுப் பேர் வேலையை நிறுத்திவிட்டு, ஒரு பெண் இங்கிலீஷ் படிப்பதைப் பார்க்க வந்து நின்றார்கள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்கள் பார்ப்பதைப் பார்த்தேன்.

"அரைக்கால் இஞ்சு" என்றேன். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு.

"அரைக்கால் இஞ்சு?"

"ஆமா."

"உள்ளவா, வெளியவா?"

"வெளிய."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வெளியவா? ஏற்கெனவே வெளியதான நிக்குது? இன்னும் வெளிய தள்ளணுமா?"

"புக்குல அப்பிடித்தான் போட்டுகீது."

"அந்த எழுத்தப் பாத்துச் சொல்லு பாப்பா."

சுற்றி நின்றவர்களில் ஒருவர், "ஆரம்பிச்சிட்டான்யா" என்றார். எனக்குக் காது சூடேறியது. புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, குனியாமலே, "பாத்துட்டுத்தான் மாமா சொல்றன்" என்றேன்.

சக்கரத்தின் ஓரத்தை மறுபடி உள்ளங்கையால் தடவினார். அவர் கை வேறு சொன்னது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் அச்சடித்த எழுத்துக்கு எதிராகத் தன் கையை நிறுத்தும் வழக்கம் அவருக்கில்லை. வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து, அளந்து, திருகி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளச் சொல்லி, மறுபடி அளந்து, அரைக்கால் இஞ்சு வெளியே வைத்தார்.

பதினொரு மணிக்கு என்ஜினியர் வந்தார். வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியதும், மாமா பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார். எதற்கு என்று என்ஜினியர் கேட்டார். ஹெட் மெக்கானிக்தான் விளக்கினார். ஷாஃப்டில் கயிறோ வழிக்கட்டையோ மாற்றினால், மாற்றிய ஆட்களே முதல் நடை கேஜில் ஏறுவார்கள். கை வைத்தவன் ஏறிப் பார்க்காமல் மற்றவனை ஏற்றுவதில்லை. என்ஜினியர் தோளைக் குலுக்கினார். அந்தத் தாழ்ந்த காருக்குள் மாமா உடம்பை மடித்துக்கொண்டு நுழைந்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம்.

தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டை ஒட்டிப் போகும் ரோடு ஷெட் வாசலிலிருந்தே தெரியும். நேர் ரோட்டில் கார் வேகம் எடுத்தது. முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு லேசாக ஆடியது. என்ஜினியர் அதைத் திருத்தியிருக்க வேண்டும், உடனே மறுபக்கம் பெரிதாக ஆடியது. வளைவு வந்தபோது கார் வளையவில்லை. வாலைத் திருப்பிக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கி, சாம்பல் நிற மண்மேட்டில் மூக்கைச் செருகி நின்றது.

எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். மேடு பொடிமண் என்பதால் பிழைத்தார்கள். இரண்டு பேரும் மாவு மில்லிலிருந்து எழுந்து வந்தவர்கள்போல வெளியே வந்தார்கள். என்ஜினியருக்கு ஒன்றுமில்லை. மாமாவுக்கு நெற்றியில் அடி. ரத்தம் மண்ணோடு சேர்ந்து புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இருமல் நிற்கவில்லை. அந்த நுரையீரலுக்குள் இன்னும் கொஞ்சம் தூசி போயிருக்கும்.

புத்தகம் என் கையில்தான் இருந்தது. விரலை வரியின் மேல் வைத்துப் படித்தேன். நான் படித்தது அடுத்த வரி. முன் சக்கரமே இழுத்துப் போகும் வேறு மாதிரி வண்டிக்கானது. எங்கள் வண்டியின் வரியில் அரைக்கால் இஞ்சு உள்ளே என்று இருந்தது.

புத்தகத்தை மூடினேன்.

மைன்ஸ் லாரி வந்து கயிறு கட்டி காரை இழுத்தது. ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்க விளக்கு உடைந்து, தகரம் நசுங்கியிருந்தது. இதற்கெல்லாம் இரண்டு மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் நான் ஒரு தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தேன். அக்கா ஓடிவந்து அவர் நெற்றியில் துணி கட்டினாள். "இன்னாய்யா இது, காரு ஓட்டப் போறன்னு மண்ணுல உழுது வெச்சிகீற" என்று திட்டினாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த என்ஜினியர் ஹெட் மெக்கானிக்கிடம் ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. திங்கட்கிழமையிலிருந்து இந்த ஆள் ஷெட்டில் வேண்டாம், ஆபீஸுக்கு எழுதிவிடுகிறேன் என்றார். அதை ஹெட் மெக்கானிக் தமிழில் சொன்னார்.

"திங்கக்கெழமைலேர்ந்து வேணாமா?" என்று அவர் கேட்டார்.

ஹெட் மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆமாம்பா" என்றார்.

"சரி. அளவு வெச்ச கை என்னுது. வேற யாரையும் கேக்க வேணாம்னு சார்கிட்ட சொல்லுங்க."

என்னைப் பார்க்கவேயில்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் அழுதிருப்பேன், அப்பா மன்னிப்புக் கேட்டிருப்பார், எல்லாம் முடிந்திருக்கும். அவர் பார்க்காததால்தான் என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

என் பள்ளிக்கூட இங்கிலீஷை ஒரு நாள் பெரிய மனிதர் யாரிடமாவது பேசிக் காட்டவேண்டும் என்று வெகுநாளாக ஆசை. அதற்கென்று சில வாக்கியங்கள்கூட வைத்திருந்தேன். கடைசியில் நான் பேசிய முதல் வாக்கியம் அவற்றில் இல்லை. தவறு என்னுடையது, நான் வரி மாற்றிப் படித்துவிட்டேன், அவர் பார்த்துச் சொல் என்று கேட்டார், நான் பார்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். புத்தகத்தை விரித்து இரண்டு வரிகளையும் காட்டினேன்.

என்ஜினியர் என்னையும் புத்தகத்தையும் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்து, அரைகுறைத் தமிழில், "இந்தச் சின்னப் பெண்ணைப் படிக்கச் சொன்னீரா?" என்றார்.

"நம்ம லைன்ல இங்கிலீசு புக்கு படிக்கறது இது ஒண்ணுதான் சார்."

என்ஜினியர், நாளைக்குக் காலையில் சரியாக வைத்துக் காட்டு, அப்புறம் பார்க்கிறேன் என்றார். அவர் போனதும் அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். மாமா தடுத்தார். எனக்கு மனசு இளகியது. அந்த இளக்கம் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை.

"எப்ப பாத்த?" என்று கேட்டார்.

"அங்கியே மாமா. வண்டி மேட்டுல போய் நின்னதுமே."

"அப்பவேவா?"

"ஆமா."

"அப்பறம் இம்மா நேரம் இன்னா பண்ண?"

நான் புத்தகத்தை அவரிடம் நீட்டினேன்.

"தப்பாப் படிக்கறது வேற" என்றார். "பாத்துட்டு மூடி வெக்கறது வேற." இருமிக்கொண்டே அக்காவோடு நடந்து போய்விட்டார். என்னைக் கூட வா என்று கூப்பிடவில்லை.

அவர் என்னிடம் கடுமையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அன்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சே கேட்கவில்லை. உப்பைப் பற்றிக்கூட அவர் கேட்கவில்லை. என் அம்மா மட்டும் இந்தப் பக்கம், "பத்து வருசம் படிக்க வெச்சதுக்கு அடுத்தவன் மண்டைய ஒடச்சிட்டு வந்துகீறா" என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். நெற்றியில் கட்டு. கையில் அதே புத்தகம்.

"வா" என்றார்.

அப்பா, "இன்னும் அவளையா?" என்றார்.

"வேற யாரு?"

ஷெட்டில் அன்றைக்கு வேடிக்கை பார்க்க யாரும் இல்லை. எங்கள் மூவரைத் தவிர மணல் மூட்டை மட்டும் சீட்டில் இருந்தது. விரலை வரியின் கீழே வைத்து, வண்டியின் மாதிரியிலிருந்து தொடங்கி கடைசி வார்த்தை வரை படித்தேன். மேட்டில் மோதியதில் எதுவும் வளைந்திருக்கிறதா என்று மாமா முதலில் பார்த்தார். நூல் கட்டினார். இந்த முறை சக்கரங்களின் முன்பக்கம் அரைக்கால் இஞ்சு உள்ளே வந்தது. பத்து மணிக்கு என்ஜினியர் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். மூட்டையை எடுத்தாயிற்று. மாமா பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார்.

"மாமா, நான் ஏர்றன்" என்றேன்.

அப்பா, "இன்னாடி?" என்றார்.

"கை வெச்சவங்கதான ஏறணும்? நானும்தான் வெச்சன்."

ஊருக்குப் புதிய ஒரு அதிகாரியோடு, இரண்டு பேர் மட்டும் உட்காரும் காரில், ஒரு லைன் வீட்டுப் பெண். அடுத்த ஒரு மாதத்துக்குக் குழாயடியில் பேச வேறெதுவும் வேண்டாம். அப்பா வாயைத் திறந்தார், மூடினார், மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பிடித்தபடியே ஓரமாக நகர்ந்தார்.

"ஏறு. கைய வெளிய நீட்டாத."

ரோடு என் முழங்கால் மட்டத்தில் ஓடியது. நேர் ரோட்டில் வேகம் ஏற ஏற நான் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கார் ஆடவில்லை. சயனைடு மேடு பக்கவாட்டில் சுவர்போல நெருங்கி வந்தது. நேற்று மூக்கைச் செருகிய பள்ளம் அப்படியே இருந்தது. வளைவில் என்ஜினியர் திருப்பினார். கார் ரோட்டைக் கவ்விக்கொண்டு, எங்களைச் சீட்டின் ஓரத்தில் அழுத்திக்கொண்டு திரும்பியது. அவர் ஆங்கிலத்தில் ஏதோ கத்திச் சிரித்தார். முதல் முறையாக அவர் எனக்கு இளைஞனாகத் தெரிந்தார். மூன்று முறை போய் வந்தோம்.

ஷெட் வாசலில் நிறுத்தியதும், அருமை, அற்புதம் என்று கையைத் தட்டிக்கொண்டே இறங்கினார். நடந்ததை மறந்துவிடலாம் என்று மாமாவின் தோளைத் தட்டினார். திங்கட்கிழமை வழக்கம்போல வந்துவிடச் சொன்னார். அப்பா பெருமூச்சு விட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

அவர் என்ஜினியருக்குக் கும்பிடு போட்டுவிட்டு என் பக்கம் வந்தார்.

"எப்பிடி போச்சு?"

என்ஜினியர் நின்று எங்களைப் பார்த்தார். அவர்தான் சொல்லிவிட்டாரே. நன்றாகப் போனது என்று நானும் சொல்லியிருக்கலாம்.

"வண்டி நேராத்தான் மாமா போச்சு" என்றேன். "ஆனா, நேரா போவும்போது ஸ்டேரிங்கு நேரா நிக்கல. நடுக்கம்பி ஒரு வெரக்கடை வலப்பக்கம் சாஞ்சிருந்திச்சி. மூணு நடையிலயும் பாத்தன்."

என்ஜினியர் சிரித்தபடி திறந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தார். சக்கரங்கள் நேராக நின்றிருந்தன. ஸ்டியரிங் கம்பி சாய்ந்திருந்தது. அவர் சிரிப்பு நின்றது.

"சக்கரத்தத் திருப்பற ரெண்டு பக்கத்துக் கம்பியையும் ஒரே அளவு திருகல நானு" என்று மாமா சொன்னார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மணல் மூட்டையை மறுபடி தூக்கி சீட்டில் வைத்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, கட்டுப் போட்ட தலை இடிக்காமல் மெதுவாகச் சாய்ந்து, வண்டிக்கு அடியில் போனார்.